வந்த வருஷம்

"இதுல ஒரு இங்கிலீஷ் தப்புகூட இல்லை அம்பிகா. விஷயம்தான் பூராவும் பொய்."

காமாக்ஷி அந்த எம்.ஃபில். ஆய்வேட்டை மேஜைக்குக் குறுக்கே தள்ளினாள். எதிரே நின்ற அம்பிகா அதைத் தொடவில்லை.

கத்தக்கூடத் தெம்பில்லை காமாக்ஷிக்கு. காலையிலிருந்து பி.ஏ. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டிருந்தது. திருத்த வேண்டியவை இன்னும் நாற்பத்தெட்டு. தலைப்பு, 'என் லட்சியம்'. நாற்பத்தெட்டுப் பேரும் டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

ஒரே ஆறுதல் அவளுடைய மொழி ஆராய்ச்சிதான். ஊரிலிருந்து டெல்லிக்குப் பிழைக்க வந்தவர்களின் வட்டாரப் பேச்சு, வருஷம் ஆக ஆக எப்படி மாறுகிறது? இதைத்தான் அம்பிகாவுக்கு விஷயமாகக் கொடுத்திருந்தாள்.

"நீ பேட்டி எடுத்த இந்த வடிவோட தகவல் ஷீட்டைப் பாரு. டெல்லிக்கு வந்த வருஷம் 1991னு போட்டிருக்கே. பன்னிரண்டு வருஷமா இங்க வீட்டு வேலை செய்யறவ தக்காளியை டமாட்டர்னு சொல்லாம இருப்பாளா? அவ வாயில ஒரு 'அச்சா' கூட வரலியே."

காமாக்ஷி அடுத்த ஷீட்டைப் புரட்டினாள்.

"நேத்து உக்காந்து டேப்பைப் போட்டுக் கேட்டேன். 'வந்து மூணு வருசந்தாம்மா ஆவுது, இந்தி சுட்டுப்போட்டாலும் வரல'ன்னு அவளே சொல்றா. இதே மாதிரி பதினோரு பேர். பதினோரு ஷீட்லயும் வருஷத்தை மாத்தியிருக்கே. பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு."

"ஆமா மேம். நான்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேம்."

"உன் கடைசி அத்தியாயமே இதனால படுத்துடுத்து. டெல்லியில எத்தனை வருஷம் இருந்தாலும் இவங்க பேச்சு மாறறதில்லைன்னு முடிச்சிருக்கே. படிக்கறவா சிரிப்பா. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேம்."

"நான் ஃபெயில்னு எழுதினா உன் ரெண்டு வருஷம் போச்சு. கிடைக்கப்போற லெக்சரர் வேலையும் போச்சு. உங்கப்பா ஜூன்ல ரிடையர் ஆறார், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்னு நீதானே சொன்னே?"

அம்பிகாவின் கண் கலங்கியது. "உங்களுக்கு எது சரின்னு தோணுதோ எழுதுங்க மேம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

காரணம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? பத்து வருஷத்துக்கு மேல் டெல்லியில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேராவது வேண்டும் என்று காமாக்ஷி சொல்லியிருந்தாள். இந்த வெயிலில் அவர்களைத் தேடி அலைய உடம்பு வணங்கவில்லை பெண்ணுக்கு. கிடைத்தவர்களையே பேனாவால் பழைய ஆட்களாக்கிவிட்டாள். இதற்காகவா மூன்று தடவை உட்கார்ந்து இவள் இங்கிலீஷைத் திருத்தினோம் என்று காமாக்ஷிக்கு அலுப்பாக இருந்தது.

மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து, 'தகவல்கள் பொய்யானவை' என்று ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதினாள். அடுத்த வரிக்குள் கதவருகே யாரோ செருமினார்கள். கையில் ஃபைலோடு ஒரு ஆள் நின்றிருந்தான்.

"மேடம்ஜி, சர்வே ஆபீஸ்லேருந்து வரேன்" என்றான் ஹிந்தியில். "சாக்கடை நாலாவை ஒட்டின மதராசி ஜுக்கிக் குடிசைங்களை இடிக்கப்போறோம். தொண்ணூத்தெட்டுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு மட்டும்தான் வேற இடம். இதுல பதினோரு குடும்பத்துக்கு ரேஷன் கார்டும் இல்லை, ஓட்டர் கார்டும் இல்லை. இந்த ஜெராக்ஸைத்தான் கொண்டுவந்து நீட்டறாங்க. இது உங்க டிபார்ட்மென்ட் காகிதமா?"

வாங்கிப் பார்த்தாள். மேலே வடிவின் பெயர். அதற்குக் கீழே 1991. அடியில் துறை முத்திரையும் அவளுடைய கையெழுத்தும்.

அம்பிகாவையா சோம்பேறி என்று நினைத்தோம்?

"எங்களோடதுதான்" என்றாள்.

"ஆராய்ச்சிப் புத்தகத்துலயும் இதே வருஷம் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னார் சாகிப்."

ஆய்வேட்டைப் பிரித்துக் காட்டினாள். அவன் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து ஒத்துப்பார்த்தான். பதினொன்றும் சரியாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு மேடம்ஜி. இது யுனிவர்சிட்டி ஒத்துக்கிட்ட ஆராய்ச்சிதானே? எழுதின பொண்ணு பாஸானாத்தான் இந்தக் காகிதம் செல்லும். இல்லேன்னா பதினோரு பேரையும் லிஸ்ட்லேருந்து எடுத்துடுவோம்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்லை காமாக்ஷி. அதனாலேயே பிள்ளைகள் அவளைப் பின்னால் என்னென்னவோ சொல்வார்கள். எழுதத் தொடங்கிய படிவத்தைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்" என்றாள். "எழுதிக்கோங்க. அந்தப் பதினோரு பேர் வந்த வருஷத்தையும் நானே நேர்ல போய் விசாரிச்சிருக்கேன்."