எல்லாமே பழசு

"ஒரே ஒரு கொக்கியாவது கடையில புதுசா வாங்கிக்கலாம் மேடம். கல்யாணத்துக்குப் போட்டுக்கப் போற துணி!" என்று நாலாவது தடவையாகக் கேட்டுப் பார்த்தாள் பட்டன்காரம்மா.

மேடம் பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்தபடி முடியாது என்று தலையை ஆட்டினாள்.

சும்மாவா அவளுக்குக் 'குப்பைராணி' என்று பெயர் வைத்தார்கள்? கிழிந்த குடையை மழைக்கோட்டாக்குவாள், ஓட்டல்காரன் தூக்கிப்போட்ட பெட்ஷீட்டைப் பாவாடையாக்குவாள். அவளுடைய தையற்கூடத்தில் நூலையும் ஊசியையும் தவிர எதுவும் புதுசு கிடையாது. செத்துப்போன சட்டைகளிலிருந்து பட்டனைப் பிய்த்து, உயிரோடு இருக்கும் சட்டைகளில் தைப்பதுதான் பட்டன்காரம்மாவின் வேலை. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

விற்கிற துணியில் மேடம் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கட்டும். தன் கல்யாணத்திலுமா? நாளைக் காலை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகம். கல்யாணப் பெண்ணின் கவுனோ, யார் வீட்டு ஜன்னலிலோ வெயில் காய்ந்த திரைச்சீலை. அதன் ஜிப், கைப்பிடி போன சூட்கேஸிலிருந்து வந்தது.

மாப்பிள்ளை கோட் இன்னும் மோசம். இடித்துத் தள்ளிய ஏதோ ஒரு தியேட்டரின் சீட் உறை அது. முதுகுக்கு வரும் இடத்தில் பளிச்சென்று 'ஜி 14' என்று இருந்தது, அதை மறைக்கவே கூடாது என்று மேடத்தின் உத்தரவு வேறு.

"மாஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? அந்த மனுஷனைக் கூப்பிட்டு ஒழுங்கா அளவாவது எடுத்தீங்களா?"

கட்டிங் மாஸ்டர் குனிந்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து அட்டை பிய்ந்த அளவு நோட்டு ஒன்றை உருவித் தூசி தட்டினார். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இடுப்புக்கு மட்டும் மூணு இஞ்ச் கூட்டிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கத்தரியைக் கையில் எடுத்தார். ஆளைப் பார்க்காமலே கோட் வெட்டுகிறாரே என்று பட்டன்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் மேடத்தின் போன் அலறியது. அவளுடைய அக்கா. ஸ்பீக்கரில் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

"உனக்குப் புத்தியே வராதாடி? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நான் வர மாட்டேன், அம்மாவும் வர மாட்டா!"

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தாள். கவுனின் தோள் தையலைப் பிரித்தாள், தைத்தாள், மறுபடியும் பிரித்தாள். எதற்கும் அசராத அந்த முகம் அழுதுவிடும்போல இருந்தது.

"பழசை நம்பி இறங்குறேன். தாங்கும்ல?"

பட்டன்காரம்மாவுக்கு அத்தனை கோபமும் போன இடம் தெரியவில்லை. கூடப்பிறந்தவளே கைவிட்ட பிறகு தானும் குத்திக் காட்டினால் அது அடுக்காது. ஒரு திரைச்சீலையால் இந்தக் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று அவளுக்கே பதைப்பாகிவிட்டது.

"கொண்டாங்க இப்படி" என்று கவுனைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "எந்த இடத்துல கிழியும்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அங்க ரெட்டைத் தையல் போட்டுட்டா, புதுசெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது."

மேடம் குண்டூசி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "நாளைக்கு என் பக்கம் நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தின் மர பெஞ்சில், முன்மண்டை காலியான ஒருவர் ஜி 14-ஐப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட் அளவெடுத்துத் தைத்ததுபோலக் கச்சிதமாக இருந்தது. மாஸ்டருக்கு யோகம்தான் என்று பட்டன்காரம்மா நினைத்துக்கொண்டாள்.

"வயித்தை எக்காதீங்க, மூச்சு விடுங்க. அதுக்கும் சேர்த்துத்தான் துணி விட்டிருக்கு" என்று மேடம் அவரை அதட்டினாள். அவர் பொசுக்கென்று மூச்சை விட்டார்.

பதிவாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிவத்தைப் படித்தார்.

"ரெண்டு பேருமே ஏற்கெனவே விவாகரத்து ஆனவங்க. சரி."

பட்டன்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடத்துக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி முறிந்த சங்கதி அவளுக்கு இப்போதுதான் தெரியும். அந்த முதல் ஆள் எப்படிப்பட்ட படுபாவியோ, இவளை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ என்று உள்ளுக்குள் அவனைச் சபித்தாள். இந்த வழுக்கைத் தலையராவது நன்றாக வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த பக்கத்தைப் புரட்டிய பதிவாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது? முன்னாள் கணவர் பேரைக் கேட்ட இடத்துல, இப்பக் கட்டிக்கப் போறவரு பேரை எழுதி வச்சிருக்கீங்க? அதை அடிச்சுட்டுச் சரியா எழுதிக் குடுங்க."

மேடம் பேனாவைத் தொடவில்லை. பெஞ்சில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். காதுவரை சிவந்துபோனாள்.

"அடிக்க வேண்டாம் சார். அதே ஆளுதான்."