டர்போவுக்குத் திருஷ்டி

தன் காருக்குக் கண் பட்டுவிட்டது என்பதில் பட்டாபிராமனுக்குச் சந்தேகமே இல்லை. யார் கண் என்பதிலும் சந்தேகம் இல்லை. கீழ்வீட்டு கோவிந்தராஜனுடையதுதான்.

"தினம் காலம்பற மினிபஸ்ஸுக்குப் போறச்சே என் வண்டி முன்னாடி நின்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்கறான் காமு. தனக்கு இல்லையேங்கற வயித்தெரிச்சல்" என்று மனைவியிடம் பொருமுவார். நேரில் பார்த்தால் மட்டும், எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் சார் என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

காளிகாட்டில் அந்தச் சந்துக்கே முதல் டர்போ டீசல் கார் அது. வந்த அன்றைக்கே பட்டாபி போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிற சூட்சுமத்தை விளக்கினார். பாங்க்கில் லோன் ஃபைல் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கோவிந்தராஜன் மட்டும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பிரமாதமான வண்டி" என்றார்.

போதாதா? மறுநாளே எலுமிச்சம்பழம், மிளகாய், கோரைப்பல்லோடு ஒரு கறுப்புப் பொம்மை எல்லாவற்றையும் கெட்டிக் கம்பியில் கோத்தார் பட்டாபி. முன்பக்கக் கிரில்லுக்குள் கையை விட்டு, எது அகப்பட்டதோ அதில் இறுக்கி முறுக்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. வேகம் மட்டும் வரவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு மினிபஸ் முந்திப் போனது. படியில் தொங்கிய கண்டக்டர், தள்ளிவிடட்டுமா அண்ணா என்று வங்காளத்தில் விசாரித்துவிட்டுப் போனான். அந்த பஸ் ஜன்னலில் கோவிந்தராஜன்.

அன்றைக்கே பட்டாபி பொம்மையைப் பெரிதாக மாற்றினார். கம்பியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார். வண்டி இன்னும் மோசமாயிற்று. எப்பேர்ப்பட்ட கண் பாருங்கள்.

மெக்கானிக் ஃபில்டரை மாற்றிப் பார்த்தான். சரியாகவில்லை. டர்போவே போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று கையை விரித்துவிட்டான்.

இந்த லட்சணத்தில், சென்னையிலிருந்து புது ஜெனரல் மேனேஜர் மறுநாள் காலை ஹவுராவில் வந்து இறங்குகிறார். ஆபீஸ் வண்டி எதற்கு சார், என் டர்போ இருக்கிறதே என்று பட்டாபி போனில் பீற்றிக்கொண்டாயிற்று. பிரமோஷன் பட்டியல் அந்த மனிதர் கையில். அவரையும் அவர் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஹூக்ளி பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால், பட்டாபியின் பிரமோஷனும் அங்கேயே நின்றுவிடும்.

வேறு மெக்கானிக்கைத் தேடலாமென்றால் அன்று விஸ்வகர்மா பூஜை. ஊரில் உள்ள ஸ்பானர் முழுக்க சாமி காலடியில் கிடந்தது. மெக்கானிக்குகள் மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல் என்ஜினையே பிரிச்சுப் போடறவர் கீழ இருக்கார். நீங்க ரோஷத்தைக் கட்டிண்டு உக்காந்திருங்கோ, நான் போய்க் கூப்பிடறேன்" என்று காமு இறங்கிப் போய்விட்டாள்.

கோவிந்தராஜன் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் இன்ஜினீயர் என்பது பட்டாபிக்குத் தெரியாததல்ல. அதற்காக, கண் போட்டவனிடமே வைத்தியத்துக்குப் போவதா?

மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கேயோ காற்றுக் கசிகிறது, சைக்கிள் பங்சர் பார்க்கிற மாதிரிதான் சார் என்றார். பூஜையில் இருந்த சந்துமுனைப் பங்சர் கடைக்காரனைத் தாஜா பண்ணி, வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். என்ஜினுக்குக் காற்றுப் போகிற வாயை அடைத்து, கடைக் குழாயிலிருந்து கொஞ்சமாகக் காற்றை உள்ளே விட்டார். ஒவ்வொரு இணைப்பாகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். பட்டாபி கையைக் கட்டிக்கொண்டு, ஏதாவது கழற்றி மடியில் போட்டுக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரில்லுக்குப் பின்னால் இருந்த தடித்த ரப்பர் குழாயில் புஸுபுஸுவென்று நுரை பொங்கியது. பட்டாபி குனிந்து பார்த்தார். ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது, அவர் கையால் முறுக்கின கம்பி. அவருக்கு வேர்த்துவிட்டது. இந்த விஷயம் காமுவுக்குத் தெரிந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பாளே.

"என்ன சார் ஆச்சு?" என்று, பின்னாலேயே வந்திருந்த காமு கிட்டே வந்தாள்.

கோவிந்தராஜன் சட்டென்று கம்பியை வெட்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எலி கடிச்சிருக்கு மாமி. ரப்பர்னா அதுகளுக்குப் பாயசம். பூக்கட்டற நூல் கொஞ்சம் கொண்டு வாங்கோளேன்."

காமு வீட்டிலிருந்து நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எலியைத் திட்டிக்கொண்டே காபி போடப் போனாள். கோவிந்தராஜன் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துக் குழாயைச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். நாளைக்குத் தாங்கும், பூஜை முடிந்ததும் புதுக் குழாய் போட்டுவிடுங்கள் என்றார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். உஸ் இல்லை, புகை இல்லை. டர்போவுக்கு ஒரு கேடும் இல்லை. பட்டாபிக்கு மட்டும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த நூல் எதற்கு என்றும் புரியவில்லை.

கோவிந்தராஜன் தரையில் கிடந்த பொம்மையை எடுத்துப் புழுதி தட்டினார். நூலில் கோத்து, கிரில்லின் வெளிக்கம்பியில் அழகாக முடிச்சுப் போட்டார்.

"இனிமே இரும்புக் கம்பியெல்லாம் வேண்டாம் சார்" என்றார் மெதுவாக. "என் கண்ணுக்கு இந்த நூலே போதும்."