வஜ்ராவின் நடை

"இடுப்பு பத்தல மாதங்கி. இன்னும் நல்லா ஆடணும்" என்றார் ஜெகதீஸ்வரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் வஜ்ரா நடந்துகொண்டிருந்தாள். மாதாப்பூரில் இருக்கும் அந்த வீடியோ கேம் கம்பெனி இரண்டு வருடமாக உருவாக்கிவரும் விளையாட்டின் கதாநாயகி. எல்லைப் படையில் கமாண்டோ. அவளை முதல் கோட்டிலிருந்து வரைந்து, நிற்க வைத்து, ஓட வைத்து வளர்த்தவள் மாதங்கி. டிசைன் தலைவர் ஜெகதீஸ்வரன், அவள் உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வந்தவர்.

உடை விஷயத்தில் மாதங்கி ஏற்கெனவே தோற்றாயிற்று. வஜ்ராவின் குண்டு துளைக்காத சட்டை தொப்புளுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. வயிற்றில் சுடமாட்டேன் என்று எதிரி எழுதிக் கொடுத்திருக்கிறானா என்று கேட்டுப் பார்த்தாள். மார்க்கெட்டிங் ஆட்கள் சிரித்தார்களே தவிர, சட்டை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. நடையையாவது விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"சார், முதுகுல மூட்டை, கையில துப்பாக்கி. இந்த லட்சணத்துல இடுப்பை ஆட்டிட்டு நடந்தா குப்புறத்தான் விழுவா."

"விளையாடற பசங்க மூட்டையையா பாக்கப் போறாங்க? காய்கூ, எதுக்கு இப்படி அடம் பிடிக்கறே? நக்கோ, வேணாம்." ஜெகதீஸ்வரன் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்காரர். கோபம் வந்தால் அவர் தமிழில் பாதி உருது கலந்துவிடும்.

கேமில் ஒரு கதாபாத்திரத்தை நடக்க வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உடம்பெல்லாம் சென்சார் ஒட்டிய கறுப்பு உடையை யாராவது போட்டுக்கொண்டு நடந்தால் போதும். அந்த நடையைக் கம்ப்யூட்டர் அப்படியே வாங்கிக் கதாபாத்திரத்துக்குக் கொடுத்துவிடும். இப்போது திரையில் ஓடியது மாதங்கியே நடந்தது. ராணுவ முகாம் இருக்கும் திருமுல்கேரியில் வளர்ந்தவள். ராணுவப் பெண் அதிகாரிகள் தெருவில் நடந்து போவதைத் தினமும் பார்த்தவள். அந்த நடையைத்தான் வஜ்ராவுக்குக் கொடுத்திருந்தாள்.

ஜெகதீஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று நடிகைகளை வரவழைத்து நடக்கச் சொன்னார். ஒருத்திக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவதாக வந்த நாடக நடிகை ஹர்ஷிதா வெள்ளிக்கிழமை பூராவும் நடந்து பார்த்துவிட்டு, எந்த ஊரில் பொம்பளைகள் இப்படி நடக்கிறார்கள், சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தெலுங்கில் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிப் போயும்விட்டாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு பேகம்பேட்டிலிருந்து ராமசுவாமி சார் வர்றார்" என்றார் ஜெகதீஸ்வரன். ராமசுவாமிதான் இந்த விளையாட்டுக்குப் பணம் போடுகிறவர். "அவர் முன்னாடி உன் பரேடு ஓடினா கேம் படுத்துடும். நடை மாறலேன்னா வஜ்ராவை அச்யுத்கிட்ட குடுத்துடுவேன். நீ மரம், பாறைன்னு பண்ணிட்டு இரு."

அச்யுத் அடுத்த மேஜை டிசைனர், ஜெகதீஸ்வரன் சொன்னதை அப்படியே செய்பவன். அவன் கைக்குப் போனால் வஜ்ராவிடம் மிச்சம் இருக்கும் கால்சட்டையும் அரைக்கால் ஆகிவிடும். மாதங்கி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு நடையும் தயார் பண்றேன் சார். ராமசுவாமி சாரே பாத்துச் சொல்லட்டும்."

"நான் கேக்கற மாதிரி ஒண்ணு இருக்குமா?"

"நீங்க கேட்ட மாதிரியே இருக்கும். ஒரு இம்மி குறையாது."

"ஹவ், ஆமா, இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

நாலு மணிக்கு ராமசுவாமி வந்தார். பெரிய திரையில் முதலில் மாதங்கியின் நடை ஓடியது. நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாவது நடை ஓடியதும் போன் மேஜைக்குப் போயிற்று. வஜ்ரா ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிறுத்தி, தோளைக் குலுக்கி, திரும்பிப் பார்த்தாள். மார்க்கெட்டிங் ஆட்களில் ஒருவன் விசிலே அடித்துவிட்டான்.

"பாத்தீங்களா சார்? இதுதான் பொம்பளை நடை" என்றார் ஜெகதீஸ்வரன். முகமெல்லாம் பல்.

ராமசுவாமிக்கு மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. மறுபடியும் பார்த்தார். பிறகு, நடந்த பெண் யார் என்று விசாரித்தார். விளையாட்டு வெளியாகும் விழாவுக்கு அவளைக் கட்டாயம் அழைக்க வேண்டுமாம். இதே உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையில் நாலு தடவை நடந்தால் டிவிக்காரர்கள் ஓடி வருவார்களாம்.

"கண்டிப்பா சார். டிரெஸ்ஸை நானே அளவெடுத்துத் தைக்கச் சொல்றேன். வராம எங்க போயிடுவா?" என்ற ஜெகதீஸ்வரன் மாதங்கி பக்கம் திரும்பினார். "யாரும்மா அது? ஹர்ஷிதா திரும்ப வந்தாளா?"

மாதங்கி எழுந்து நின்றாள்.

"எந்தப் பொண்ணுக்கும் இந்த நடை வரல சார். வெள்ளிக்கிழமை ஹர்ஷிதா போனதும் சென்சார் டிரெஸ்ஸை நீங்களே மாட்டிக்கிட்டு, இதோ பாரு, இப்படித்தான்னு எனக்கு நடந்து காட்டினீங்களே, அதுதான் இது. ரெக்கார்டிங்கை நான் நிறுத்தல."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. "அந்த முதல் நடையே இருக்கட்டும்மா" என்ற ஜெகதீஸ்வரன், ராமசுவாமி தன்னை இன்னமும் மேலும் கீழுமாகப் பார்ப்பதைக் கண்டு, "வஜ்ராவோட டிரெஸ்ஸையும் மாத்திடு" என்றார்.