கழுதை நின்ற மூலை

தனிஸ்லாஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில், முன்கால் உடைந்த மண்கழுதை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. கிறிஸ்துமஸ் இரவில் கோவிலில் பூசை முடிந்து வந்ததும் அந்த வீட்டு அம்மா குழந்தை இயேசுவைக் கொண்டுவந்து நடுவில் வைக்கோலில் கிடத்துவாள். குளிரில் கிடக்கும் குழந்தைமேல் மூச்சுவிடுவது கழுதையின் வேலை. அதற்காகத்தான் வருடம் முழுவதும் அது பெட்டிக்குள் பொறுத்துக் கிடக்கும்.

இந்த வருடம் அவள் மகன் நற்செய்தி சொல்லும் மறைப்பணிக்காகக் கடல் கடந்து போகிறான். அந்தப் பெருமையில் குடிலின் நடுவே ஒரு பொம்மை விமானத்தை நிறுத்திவிட்டார்கள். சீரியல் விளக்கு, பஞ்சுப் பனி, கண்ணாடிக் குளம் என்று மற்ற இடமும் நிரம்பிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லேன். குழந்தை வருகிற நேரம்," என்றது கழுதை.

"நொண்டிக்கு அதிகாரத்தைப் பார்! நான் நற்செய்தி கொண்டுபோகிறவன், தெரியுமா?" என்றது விமானம்.

"என்ன செய்தியப்பா?"

"அதெல்லாம் எனக்கெதற்கு? பறப்பதுதான் என் வேலை."

அம்மா வந்தாள். குழந்தையை உள்ளங்கையில் ஏந்தியபடி இடம் தேடினாள். விமானத்தின் இறக்கையில் வைத்துப் பார்த்தாள், சறுக்கியது.

"சரி, அடுத்த வருடம் பார்ப்போம்," என்று பெட்டியைத் திறந்தாள்.

கழுதை, சாய்ந்திருந்த சுவரைத் தானே விட்டது. விழுந்ததில் இன்னொரு காலும் போயிற்று.

"அடடா," என்று அம்மா அதை எடுத்துவிட்டு, அது நின்ற மூலையில் குழந்தையைக் கிடத்தினாள்.

கழுதை பெட்டிக்குள் போனது. குழந்தையைச் சுற்றி வைத்திருந்த செய்தித்தாள் அந்தச் சின்ன உடம்பின் குழிவோடு அப்படியே கிடந்தது. கழுதை அதில் முகத்தை வைத்து மெல்ல மூச்சுவிட்டது.