டாக்டர் கேட்ட நெஞ்சு

திரைக்கு அடியில், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயின் வட்டு மட்டும் உள்ளே வந்தது.

அதை வாங்கும்போதே மெஹர்னிசாவுக்கு நெஞ்சு குதித்தது. அது என்ன புதுசா? ஒரு வருஷமாக இதே கூத்துதான். சோறு வடிக்கையில் குதிக்கும், தொழுகையில் குதிக்கும், சும்மா உட்கார்ந்து பூண்டு உரித்தாலும் குதிக்கும்.

ஓதி ஊதிய தண்ணீர் குடித்தாயிற்று. தாயத்து கட்டியாயிற்று. ஹக்கீம் கொடுத்த லேகியத்தை டப்பா டப்பாவாக நக்கியாயிற்று. பாழாய்ப்போன நெஞ்சு எதற்கும் அடங்கவில்லை.

கடைசியில் அவள் கணவன் அமீருதீன், பொன்னேரி டாக்டரை ஜட்காவில் ஏற்றிப் பழவேற்காட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. குரலும் காதில் விழக்கூடாது. அதனால் அறைக்கு நடுவில் பச்சைத் திரை. அந்தப் பக்கம் டாக்டரும் அமீருதீனும். இந்தப் பக்கம் மெஹர்னிசாவும், துணைக்கு அமீருதீனின் தங்கை சாலிஹாவும்.

டாக்டர் கேட்பதை அமீருதீன் திரும்பக் கேட்பான். ஆமென்றால் மரப்பெட்டியில் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. பெட்டி சாலிஹாவுடையது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவளுக்கு நிக்காஹ், சேலைகள்கூட அடுக்கியாகிவிட்டது.

"வட்டை மாருல வச்சுக்கோ மெஹரு" என்றான் அமீருதீன்.

மெஹர்னிசா வைக்கவில்லை.

நேற்று அவன் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. சென்னை மண்ணடியில் கடை எடுத்திருக்கிறான், மாடியிலேயே குடித்தனம். "நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னா நீயும் வா. இருக்குன்னா எளாவூர்ல உங்கம்மா ஊட்லயே இரு. பட்டணத்துல நோயாளிய வச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

கெட்டவன் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

மெஹர்னிசாவின் அக்காவும் "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் எளாவூருக்கு அனுப்பப்பட்டாள். அவள் புருஷன் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். அக்காவின் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

மெஹர்னிசா சாலிஹாவைப் பார்த்தாள். பதினேழு வயசு. எப்போதும் சிவந்த கன்னம். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கன்னத்தைப் பார்த்தே சரி சொன்னார்கள். படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள் என்பது ஒன்றுதான் குறை. கல்யாணப் பெண்ணுக்கு இப்போதே கால் வலிக்கிறதாம் என்று வீடே கேலி செய்யும்.

இவள் நெஞ்சில் என்ன கோளாறு இருக்கப்போகிறது? வட்டை சாலிஹாவின் ரவிக்கைக்குள் வைத்துவிட்டாள்.

சாலிஹாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாவணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். வட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்தச் சொன்னார். இடது பக்கம் சாயச் சொன்னார். பிறகு காதிலிருந்து குழாயைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டார்.

"சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கி ஜுரம் வந்துச்சான்னு கேளுங்க."

இரண்டு தட்டு தட்ட மெஹர்னிசா கையைத் தூக்கினாள். அதற்குள் சாலிஹாவின் கை முந்திக்கொண்டது. ஒரே தட்டு.

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன வருஷத்தில் சாலிஹாவுக்கு வந்த ஜுரம். அமீருதீன் அப்போது கொழும்பில் இருந்தான், மெஹர்னிசா இந்த வீட்டுக்கே வந்திருக்கவில்லை. சாலிஹா இன்னும் சிரித்துக்கொண்டுதான் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தி என்ன, நடுவில் இருப்பது துணிதானே.

"இது வெறும் படபடப்பு இல்ல பாய். நெஞ்சுக்குள்ள கதவு மாதிரி ஒண்ணு இருக்கு, அது கெட்டுப்போயிருக்கு. மருந்து தர்றேன், பட்டணத்துலயும் காட்டுங்க. ஆனா கொழந்தை மட்டும் கூடாது. பிரசவம் இவங்க உசுருக்கு ஆகாது."

சாலிஹாவின் வாயிலிருந்து தாவணி நுனி நழுவியது.

"எளாவூருக்குச் சொல்லியனுப்புறேன்" என்றான் அமீருதீன்.

மெஹர்னிசாவின் வாயைச் சாலிஹா இறுகப் பொத்தினாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. "சொல்லாதீங்க அண்ணி. கல்யாணம் நின்னுடும்."

சொன்னாலும் யார் நம்புவார்கள்? தன் நோயைக் கல்யாணப் பெண்ணின் தலையில் கட்டப் பார்க்கிறாள், படுபாவி என்று ஊரே காறித் துப்பும். இதையெல்லாம் பெட்டியில் தட்டியா சொல்ல முடியும்? பேசாமல் இருந்துவிட்டாலோ, தலைப்பிரசவத்திலேயே இந்தப் பெண்ணைச் சந்தூக்கில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப் போவார்கள். யா அல்லாஹ், என்ன காரியம் செய்து வைத்தோம்!

டாக்டர் குழாயை மெல்ல இழுத்தார்.

மெஹர்னிசா வட்டை வெளியே வரவிடவில்லை. சாலிஹாவின் ரவிக்கையோடு சேர்த்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் திரையைப் பற்றி இழுத்தாள். அது கயிறோடு அறுந்து விழுந்தது.

டாக்டரின் முன்னால் இரண்டு பெண்கள். அமீருதீன் பதறி எழுந்தான். டாக்டரின் கழுத்திலிருந்து போன குழாய் சாலிஹாவின் நெஞ்சில் முடிந்திருந்தது. அதை அவனும் பார்த்தான்.

மெஹர்னிசா ஓர் அந்நிய ஆணிடம் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"நீங்க கேட்டது இவ நெஞ்சு, டாக்டரே. என்னுதை இன்னும் கேக்கல."