நாலாம் பாடம்

ஸ்பானிஷ் வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு ஓர் அம்மாள் வந்தார்.

“சார், என்னை நேரா மேல்நிலை வகுப்புல சேர்த்துக்குங்க.”

“எழுத்தே தெரியாம மேல்நிலையாம்மா?” என்று சிரித்தார் வாத்தியார்.

“எங்க வீட்டுக்காரர் உங்க மாணவர்தான் சார். தையல்காரர். வீட்ல இப்ப ஸ்பானிஷ்லதான் பேசுறார். எனக்கு ஒரு மண்ணும் புரியலை.”

“வீட்லயும் அதையே பேசணும்னு நான்தான் சொன்னேன். என்ன சொல்றார்?”

“சாப்பிட்டதும் நான் தட்டை எடுத்தா ‘நோ தே லெவாந்தெஸ்’ங்கிறார். தினமும் இதேதான். என்ன கேக்கறார்னு தெரியாம தவிக்கிறேன்.”

வாத்தியார் பூரித்துப் போனார். “அது நாலாம் பாடம்! ஸ்பெயின்ல சாப்பிட்டதும் எழுந்து ஓட மாட்டாங்க, உட்கார்ந்து சாவகாசமா பேசுவாங்க. ‘எழுந்திருக்காதே’ங்கிறார். கெட்டிக்காரர்! ஆனா கடைசி பெஞ்சுல அவர் இடம் ஒரு மாசமா காலியா கிடக்கே?”

“அந்த நாலாம் பாடம் படிச்ச அன்னிக்குச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார் சார். நான் தட்டைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அடக்கம் பண்ணின மறுநாள்லேர்ந்துதான் இந்தப் பேச்சு.”

அந்த அம்மாள் நோட்டைப் பிரித்தார். “‘உட்கார்ந்துட்டேன், சொல்லுங்க’ன்னு எப்படிச் சொல்லணும்?”

வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து நல்ல உச்சரிப்பில் ஒரு குரல் வந்தது.

“நோ தே லெவாந்தெஸ்.”

“இதேதான் சார்” என்றார் அந்த அம்மாள்.