வெயில் நேரத்து எடை

ஓக்னியான் தட்டச்சு செய்யும்போதெல்லாம் நாலு கிலோ பூனை மித்சா கீபோர்டின் மேல் படுத்து, அதை மேஜையிலிருந்து தள்ளிவிடும். இனி தள்ளவே முடியாதபடி கீபோர்டுக்குக் கான்கிரீட்டில் ஒரு கூடு வார்க்க அவன் அச்சு செய்தான். அச்சு முடிவதற்குள் மித்சா செத்துப்போனது. ஆனாலும் வார்த்தான்.

ஈரம் வற்றிவிட்டதா என்று அறிய, தினமும் சமையலறைத் தராசில் கூட்டின் எடையைப் பார்த்தான். இரண்டு கிலோ நானூறு. பிறகு முந்நூற்றைம்பது. பிறகு முந்நூறு. ஐந்தாம் நாள் மதியம், ஜன்னல் வெயிலில், ஆறு கிலோ முந்நூறு.

"பானிட்சா சுட மாவு நிறுக்கிற தராசுல சிமெண்ட வச்சா கெட்டுத்தான் போகும்" என்றாள் மனைவி ருமியானா. ஒரு கிலோ மாவுப் பையை வைத்தாள். சரியாக ஒரு கிலோ காட்டியது. கூட்டை மறுபடி வைத்து, எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓக்னியான் அதைத் தூக்கக் கை நீட்டினான்.

"வேணாம்பா, விடு" என்றாள் தாழ்ந்த குரலில். "வெயில் போகட்டும். அதுவா இறங்கிக்கும்."